லயத்துச் சோதனையும் நீதிமன்றத் தவணையும்

மஸ்கெலியாவிலோ போகவந்தலாவையிலோ ஒருவருடைய சட்டைப் பையில் ஒரு சரை கஞ்சா அகப்பட்டால், அவர்மீது பாய்கிற சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். மருந்துக் கடைக்காரர் நஞ்சு விற்பதற்கும், வைத்தியர் அபின் வைத்திருப்பதற்கும் விதி வகுக்க ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. ஹெரோயின் கொழும்புத் தெருக்களில் பரவிய பிறகு, 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்குக் கூரிய பற்களை வைத்தது. அதே ஆண்டில் 11ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அமைந்தது. பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம் அதற்கும் முந்தியது, 1973இலிருந்து இயங்குகிறது. ஐஸ் என்று எல்லோரும் சொல்கிற மெத்தம்பெட்டமைன் 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்தோடு இந்தக் கடுந்தண்டனை வரிசையில் சேர்ந்தது.

1984இல் நுழைந்த 54அ பிரிவுதான் இன்று பெரிய வழக்குகளின் முதுகெலும்பு. தயாரித்தல், கடத்தல், இறக்குமதி ஏற்றுமதி செய்தல், உடைமையில் வைத்திருத்தல் எல்லாவற்றையும் அது தனித்தனிக் குற்றங்களாக வைக்கிறது. தண்டனையை நிறுக்கும் தராசு சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. ஹெரோயின் 2 கிராம், கொக்கெயின் 2 கிராம், மோர்பின் 3 கிராம், அபின் 500 கிராம், ஐஸ் 5 கிராம் என்ற எல்லையைத் தொட்டால் மரண தண்டனை அல்லது ஆயுட்கால மறியல். அதைக் கையில் வைத்திருந்தாலே போதும், விற்றதாகக் காட்ட வேண்டியதில்லை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் ஹெரோயினில் 5 கிராம் வரை சிறு அளவு என்றும், 250 கிராமுக்கு மேற்பட்டதை வணிக அளவு என்றும் பிரிக்கிறது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் சிறு அளவாக எண்ணப்படும் நான்கு கிராம், இந்தப் பக்கம் தூக்குத் தண்டனைத் தீர்ப்புக்குப் போதுமான எடை.

தூக்குத் தண்டனை 1976 ஜூனுக்குப் பிறகு இலங்கையில் நிறைவேற்றப்படவில்லை. 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண உத்தரவில் கையெழுத்திட்டதாக அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. ஆனால் மேல் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பை இன்றும் வழங்குகின்றன. தீர்ப்பைப் பெற்றவர் சிறையிலேயே காலம் கழிக்கிறார். தோட்டத்துக் குடும்பத்துக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது சட்டத்தரணியின் வேலைகளில் மிகக் கடினமான ஒன்று. மகன் தூக்கில் ஏறமாட்டான் என்றால் தாய் நிம்மதி கொள்கிறாள். வீட்டுக்கு வரமாட்டான் என்பதையும் அதே நேரத்தில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஹட்டன் நீதவான் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் இப்படிப்பட்டவை குறைவு. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, போகவந்தலாவைப் பொலிஸ் பிரிவுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் சில கிராம் கஞ்சா, மில்லிகிராம் கணக்கில் ஹெரோயின் அல்லது ஐஸ், போதை மாத்திரை, பாக்கோடு கலந்த மாவா, கஞ்சா சேர்ந்த மதன மோதகம் ஆகியவை. கசிப்பு இந்தக் கணக்கில் சேராது. அது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. கோடாப் பீப்பாயோடு பிடிபட்டவருக்கும் ஹெரோயின் தூள் சரையோடு பிடிபட்டவருக்கும் சட்டமும் தண்டனையும் பிணை விதியும் வேறு. லயத்தில் இரண்டையும் சேர்த்து ‘கேஸ்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால், கசிப்பு வழக்கில் அண்ணனுக்கு நடந்ததுதான் தூள் வழக்கில் தம்பிக்கும் நடக்கும் என்று குடும்பம் எதிர்பார்த்துவிடுகிறது. முதல் ஆலோசனையில் உடைக்க வேண்டிய எண்ணம் இது.

இன்னொரு தவறான பாடத்தை சிவனொளிபாத மலைப் பருவம் கற்றுக்கொடுக்கிறது. டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும் அந்த மாதங்களில் கினிகத்தேனை வழியாகவும் ஹட்டன் வழியாகவும் நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களையும் வான்களையும் பொலிஸார் மோப்ப நாய்களோடு நிறுத்திச் சோதிக்கிறார்கள். பிடிபடுகிறவர்களில் பலர் தூர இடத்து இளைஞர்கள். சிறு அளவுக் கஞ்சா வைத்திருப்பார்கள். ஹட்டன் நீதவான் முன் நிறுத்தப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணம் கட்டிவிட்டு அன்றைக்கே புறப்படுகிறார்கள். இதை ஆண்டுதோறும் பார்க்கிற தோட்டத்து இளைஞர்களுக்கு, தண்டம் கட்டினால் கேஸ் முடிந்தது என்பது ஊர்வழக்காகவே ஆகிவிட்டது. தண்டம் கட்டியதோடு முடிவதில்லை என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். அது எங்கே போய் முட்டுகிறது என்பது பின்னால் வரும்.

குற்றச்சாட்டின் நடு முடிச்சு உடைமை. சட்டத்தின் பார்வையில் ஒரு பொருள் ஒருவருடைய உடைமையில் இருக்கிறது என்றால், அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அதை எடுக்கவும் வைக்கவும் மறைக்கவும் கொடுக்கவும் அவர் கைக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் உடைமை நிற்காது. காற்சட்டைப் பையில் இருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் வழக்கில் இந்தக் கேள்வி சுருக்கமாக முடிந்துவிடும். பையில் இருந்ததா, பொலிஸார் போட்டதா என்பது மட்டுமே அங்கே வழக்கு. வீட்டுச் சோதனையில் நிலைமை வேறு. மலையகத்தில் வீடு என்பது பெரும்பாலும் லயக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி, மேலே தகரக் கூரை. அதற்குள் தாத்தா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அடுத்த காம்பராவுக்கும் இதற்கும் இடையிலான சுவர் பல லயங்களில் கூரைவரை எட்டுவதில்லை. சுவரின் உச்சியில் கைவைத்தால் அந்தப் பக்கத்தவர் கைக்கும் எட்டும் இடம் அது.

அந்தச் சுவர் மேட்டிலிருந்தோ, இஸ்தோப்பில் அடுக்கிய விறகுக்கு அடியிலிருந்தோ, பொதுக் குழாயடிக்குப் பக்கத்து வேலியிலிருந்தோ ஒரு பொட்டலம் எடுக்கப்பட்டால் அது யாருடைய உடைமை? சந்தேகநபருக்கு மட்டுமே உரிய இடம், அவர் மட்டுமே அடையக்கூடிய இடம் என்பதை வழக்குத் தொடுநர் நிரூபிக்க வேண்டும். சோதனைக்கு வந்த உத்தியோகத்தருடைய குறிப்பில் ‘வீட்டினுள்’ என்ற ஒற்றைச் சொல் இருந்தால், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் சட்டத்தரணியின் முதல் வேலை. எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எத்தனை கதவு, எந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு, சுவர் எவ்வளவு உயரம், இஸ்தோப்பைத் தாண்டி யார் யார் நடந்து போவார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் கோப்பில் இருக்காது. லயத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். லயத்தைப் பார்க்காமல் வாதாடப்படும் உடைமை வழக்கு பாதி வழக்குத்தான். நகரத்து வீட்டின் அறை அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு சாட்சியை விசாரிக்கிறவர், இல்லாத கதவுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். காம்பராவின் வரைபடம் ஒன்றை அளவோடு கீறி, சாட்சியிடம் நீட்டி, எந்த இடம் என்று புள்ளி வைக்கச் சொல்வது பல பக்கக் குறுக்கு விசாரணையைவிடப் பலன் தரும்.

அடுத்தது எடை. சுற்றிவளைப்புக்குப் போன பொலிஸார் கைப்பற்றிய பொருளை அருகில் உள்ள நகைக் கடையிலோ அடகுக் கடையிலோ இருக்கும் மின்தராசில் நிறுப்பது இலங்கையில் நெடுங்கால வழக்கம். மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டினால் நகைக் கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறுவதைத் திரும்பத் திரும்பக் காணலாம். அந்த எடை, உறையும் கலப்பும் சேர்ந்த மொத்த எடை. சந்தேகநபர் முன்னிலையில் நிறுத்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, அவருடைய பெருவிரல் அடையாளத்தையும் எடுத்து, பொலிஸ் நிலையத்தில் சான்றுப்பொருள் பதிவேட்டில் இலக்கம் கொடுத்த பிறகு, நீதிமன்றத்தின் ஊடாக அது பத்தரமுல்லைப் பக்கம் பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகிறது. திரும்பி வரும் அறிக்கையில் இன்னொரு எண் இருக்கும். அதுதான் தூய அளவு. பொட்டலத்தில் ஐந்து கிராம் இருந்தாலும் அதில் கலப்பு நீங்கி ஹெரோயின் ஒரு கிராமாக இருக்கலாம். தெருவில் விற்கப்படும் தூளில் கலப்பே அதிகம். தண்டனையையும் பிணையையும் முடிவு செய்வது இந்த இரண்டாவது எண்தான். பொலிஸார் சொன்ன எடையைப் பத்திரிகையில் படித்துவிட்டுக் குடும்பம் கதறி அழுதுகொண்டு வருகிற நாட்களில், அறிக்கை வரும்வரை எந்த முடிவுக்கும் போக வேண்டாம் என்று சொல்லி அமைதிப்படுத்த வேண்டியிருக்கும்.

தூய அளவு எவ்வளவு முக்கியமோ, அந்தப் பொருள் பயணப்பட்ட பாதையும் அவ்வளவு முக்கியம். கைப்பற்றிய கையிலிருந்து பகுப்பாய்வாளர் மேசை வரை அது யார் யார் கையில் இருந்தது, எங்கே பூட்டி வைக்கப்பட்டது, முத்திரை கலையாமல் போய்ச் சேர்ந்ததா என்பதற்குச் சாட்சி வேண்டும். பெரேரா எதிர் சட்டமா அதிபர் என்ற வழக்கில் 1998இல் வெளியான தீர்ப்பு, சான்றுப்பொருள் உரிய பொறுப்பிலிருந்து, இடையில் யாரும் கைவைத்திருப்பார்களோ என்ற ஐயத்துக்கு இடமில்லாமல், பகுப்பாய்வாளரைச் சென்றடைந்ததை வழக்குத் தொடுநர் நிரூபிக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கியது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ தீர்ப்புகள் அதை எடுத்தாண்டிருக்கின்றன. மேல் நீதிமன்ற விசாரணையில் முதல் உத்தியோகத்தரும் இரண்டாம் உத்தியோகத்தரும் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும்: தனிப்பட்ட தகவல் ஒன்று கிடைத்தது, சிவில் உடையில் போனார்கள், சந்தேகநபர் தடுமாறினார், பையில் பொட்டலம் இருந்தது. தகவல் கொடுத்தவர் யார் என்பதைச் சொல்லும்படி பொலிஸாரை வற்புறுத்தச் சாட்சியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே விசாரணை நின்று நிதானிப்பது நேரங்களிலும் முத்திரைகளிலும் பதிவேட்டு இலக்கங்களிலும்தான். உறையில் இருக்கும் இலக்கமும் பகுப்பாய்வாளருக்குச் சென்ற கடிதத்தில் இருக்கும் இலக்கமும் பொருந்தவில்லை என்றால், அதை விளக்கச் சாட்சி வராதவரை வழக்கின் சங்கிலி அந்த இடத்தில் அறுந்து கிடக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது கைதான முதல் நாள். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைப்படி கைதுக்கான காரணம் சொல்லப்பட வேண்டும். அதே உறுப்புரை, குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரைச் சுற்றவாளியாகக் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அபாயகர ஔடதங்கள் வழக்கில் விசாரணை முடியவில்லை என்று பொலிஸார் காட்டினால், நீதவானின் உத்தரவோடு 7 நாள்வரை தடுத்து வைக்கலாம். பெண்ணைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும். கொழுந்து மலையிலிருந்து இறங்கும் பெண்ணின் கூடையையும் படங்கையும் ஆண் உத்தியோகத்தர் வழிமறித்துக் கிளறுவதைத் தோட்டங்களில் யாரும் முறைப்பாடு செய்வதில்லை. செய்ய வேண்டும்.

பொலிஸ் நிலையத்தில் எழுதப்படும் வாக்குமூலம் மலையகத்தின் பெரும் குறை. சந்தேகநபர் தமிழில் சொல்வார். எழுதுபவர் சிங்களத்தில் எழுதுவார். வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிட்டார் என்று கடைசி வரியில் இருக்கும். என்ன எழுதப்பட்டது என்பது கையொப்பமிட்டவருக்கு நீதிமன்றத்தில்தான் தெரிய வரும், சிலவேளை அங்கேயும் தெரிய வராது. இதில் ஆறுதலான விதி ஒன்று உண்டு. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை ஒப்புக்கொண்டவருக்கு எதிராகச் சாட்சியாக்க முடியாது. ‘ஒத்துக்கிட்டான், எழுதிக் கொடுத்துட்டான்’ என்று தகப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. ஆனால் 27ஆம் பிரிவு என்ற வாசல் திறந்திருக்கிறது. அவர் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புள்ள பகுதி சாட்சியாகலாம். விறகுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்ற ஒரு வரி, உடைமைக்குத் தேவையான அறிவையும் அதிகாரத்தையும் ஒருசேர நிரூபிக்கப் பார்க்கும். எனவே தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிடுமுன் தமிழில் வாசித்துக்காட்டும்படி கேட்பதும், வாசித்துக்காட்டவில்லை என்றால் அதை முதல் தவணையிலேயே நீதவானிடம் சொல்வதும் வழக்கின் போக்கையே மாற்றக்கூடியவை. அடித்திருந்தால், அதையும் முதல் தவணையிலேயே சொல்லி, சட்ட மருத்துவ அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். காயம் ஆறிய பிறகு சொல்லும் முறைப்பாட்டை நிரூபிப்பது கடினம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போக, 126ஆம் உறுப்புரை ஒரு மாத அவகாசம்தான் தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிட்டு வைப்பது நல்லது.

நீதிமன்றத்தில் மொழி உரிமை எழுத்தில் உறுதியாக இருக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகளாக வைத்து, விளங்காத மொழியில் நடவடிக்கை நடந்தால் உரைபெயர்ப்பைக் கோரும் உரிமையையும் தருகிறது. நடைமுறையில், குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டு, குற்றவாளியா சுற்றவாளியா என்று உரைபெயர்ப்பு முதலியார் ஒரு வரியில் தமிழில் கேட்கும் அந்தச் சில விநாடிகள்தான் பலருடைய வழக்கு முழுவதும். குற்றப்பத்திரத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது, எவ்வளவு அளவு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தமிழில் முழுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தலையாட்டக் கூடாது.

பிணைக்கு வந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது. சிறு அளவுக் கஞ்சா போன்ற வழக்குகளில் நீதவானே பிணை கொடுக்கிறார். 54அ, 54ஆ பிரிவுகளின் கீழ் வருபவற்றில் மேல் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். அங்கும் விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதாகக் காட்ட வேண்டும். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இருந்து, பகுப்பாய்வாளர் அறிக்கைப்படி தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமே பிணை கொடுக்கலாம். விதிவிலக்கான சூழ்நிலை எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. வழக்கைப் பார்த்து நீதிபதி முடிவு செய்கிறார். குற்றப்பத்திரம் தாக்கலாகாமல் நீண்டகாலம் விளக்கமறியலில் கிடப்பது, கடுமையான நோய், அறிக்கை வராத தாமதம் என்பவற்றை ஒன்று சேர்த்து வைத்து வாதாட வேண்டியிருக்கிறது. பகுப்பாய்வாளர் அறிக்கை மாதக்கணக்கில் தாமதமாவது நாடு முழுவதும் உள்ள குறை. அந்த மாதங்களில் விளக்கமறியலில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் சுற்றவாளி.

பிணை கிடைத்த பிறகும் தோட்டத்துக்காரருக்குப் பிணை எளிதில்லை. சரீரப் பிணைக்கு நிற்பவர் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழோடு வர வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டு வருபவருக்கு அந்த நாள் சம்பளம் இல்லை. 2024இல் தீர்மானித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. பஸ் காசு, சாப்பாடு, சட்டத்தரணிக்குக் கொடுப்பது எல்லாம் இப்படிப்பட்ட நாட்சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க முடியாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தோட்டங்களில் அதன் பெயரையே கேள்விப்படாதவர்கள் ஏராளம்.

இன்னொரு இடறல் முகவரி. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது என்பதே வழமை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், வேலை பிரிக்கும் பெரட்டில் யாராவது பெயர் கூப்பிடும்போது கைக்கு வருகின்றன, சில வராமலும் போகின்றன. நீதிமன்ற அழைப்பாணை அங்கே தேங்கினால் தவணை தவறுகிறது; தவணை தவறினால் பிடியாணை பிறக்கிறது. சில கிராம் கஞ்சா வழக்கில் பிணையில் இருந்தவர் அதே வழக்குக்காகப் பிடியாணையில் மறுபடி உள்ளே போவதை ஹட்டனில் அடிக்கடி காணலாம். அடுத்த தவணைத் திகதியைச் சந்தேகநபர் கையிலேயே எழுதிக் கொடுத்து, வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையின் தொலைபேசியிலும் பதியச் செய்வது, சட்டப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் மிகவும் பயன்படும் பழக்கம்.

இப்போது தண்டத்துக்கு வரலாம். நீதவான் நீதிமன்றத்தில் சிறு அளவு வழக்குகள் பெரும்பாலும் குற்ற ஒப்புதலில் முடிகின்றன. தவணைக்குத் தவணை சம்பளம் இழப்பதைவிட ஒரேயடியாகத் தண்டம் கட்டிவிடலாம் என்பது குடும்பத்தின் கணக்கு. கணக்கு புரியக்கூடியதே. ஆனால் அந்த ஒப்புதலோடு குற்றத்தீர்ப்பு ஒன்று பதிவாகிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது கேட்கப்படும் பொலிஸ் அனுமதிச் சான்றிதழில் அது தோன்றும். மலையகத்திலிருந்து மத்திய கிழக்குக்கும் மாலைதீவுக்கும் போக விரும்பும் இளைஞர்களுக்கு அதுதான் உண்மையான தண்டனையாக அமைகிறது. அரச வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கும் அப்படியே. இரண்டாவது முறை பிடிபட்டால் முந்தைய குற்றத்தீர்ப்பு நீதவானின் கண்முன் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தீர்ப்புக்கு மேன்முறையீடு செய்ய இடமும் மிகக் குறைவு. தண்டம் கட்ட முடியாமல் போனால் அதற்குப் பதிலாகச் சிறை. இலங்கைச் சிறைகளில் தண்டனைக் கைதிகளாகச் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் போதைப்பொருள் குற்றங்களுக்காக வருபவர்கள். தண்டம் கட்ட முடியாமல் உள்ளே போகிறவர்களும் கணிசமானோர்.

ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாத வழக்குகளிலும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, குற்றவாளியின் வயது, முன்நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைக் கருதி, குற்றத்தீர்ப்புப் பதியாமலே நிபந்தனையோடு விடுவிக்க நீதவானுக்கு இடம் கொடுக்கிறது. முதல் தடவை, பாடசாலை விட்டு ஓரிரு ஆண்டு, மிகச் சிறு அளவு என்ற வழக்கில் அதைக் கேட்காமல் விடுவது பெரும் பிழை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயம்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலையும் ஆற்றுப்படுத்தலும் விதிக்கலாம். அந்த உத்தரவை நிறைவேற்றும் உத்தியோகத்தர் தமிழில் பேசக்கூடியவராக இருந்தால்தான் ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கும். மலையகத்தில் அப்படிப்பட்டவர்கள் போதாது.

போதைக்கு அடிமையானவரை நோயாளியாகப் பார்க்கும் சட்டமும் இலங்கையில் உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் தன்விருப்பச் சிகிச்சைக்கும் நீதிமன்ற உத்தரவின் பேரிலான கட்டாயச் சிகிச்சைக்கும் வழிவகுத்தது. கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். தன்விருப்பமாகப் போகும் சிகிச்சையையும், கந்தக்காடு போன்ற மையங்களில் படையினரின் மேற்பார்வையில் நடக்கும் கட்டாயப் புனர்வாழ்வையும் ஒன்றாக எண்ணக் கூடாது. மகன் தூள் பாவிக்கிறான் என்று தெரிந்த தாய், அடித்துத் திருத்துவார்கள் என்று நம்பிப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தானே சொல்லிவிடுவது மலையகத்தில் நடக்கிறது. அந்த வாசலில் தொடங்குவது சிகிச்சையல்ல, வழக்கு. 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதைக் கண்டித்தார்கள். அந்த மாதங்களில் பிடிபட்டவர்களில் பாவனையாளரையும் விற்பனையாளரையும் பிரித்துப் பார்க்க நீதிமன்றங்களுக்கு நேரம் போதவில்லை. பாவித்தவருக்கு வைத்தியம், விற்றவருக்கு வழக்கு என்ற பிரிவைப் போர்த்துக்கல் 2001இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இலங்கைச் சட்டத்தில் அந்தப் பிரிவு அளவில் மட்டுமே இருக்கிறது, நோக்கத்தில் இல்லை. இரண்டு கிராமைத் தானே பாவிக்க வைத்திருந்தவருக்கும் விற்க வைத்திருந்தவருக்கும் அட்டவணையில் ஒரே வரி.

தீர்ப்புக்குப் பிறகு மேன்முறையீட்டுக்கு 14 நாள். நீதவான் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், மேல் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். சிறையில் இருப்பவர் சிறைச்சாலை அத்தியட்சகர் ஊடாகவும் மேன்முறையீட்டு மனுவை அனுப்பலாம். அதற்குச் சட்டத்தரணியின் கையொப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதினான்காம் நாள் தாண்டியபின் குடும்பம் ஹட்டனுக்கு வந்து கேட்கும் வழக்குகள் பல. தீர்ப்பு வாசிக்கப்படும் நாளிலேயே, கூண்டிலிருந்து இறங்குமுன், இந்தத் திகதியைக் குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். தீர்ப்பின் பிரதியை அன்றே விண்ணப்பித்து, சிங்களத்தில் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் விண்ணப்பிப்பது அடுத்த வேலை.